வால் சக்கரம் சொன்னபடி கேட்கவில்லையா?

மாணவர்களே, பேரங்காடித் தள்ளுவண்டிகள் சிலவற்றில் முன்சக்கரங்கள் எல்லாப் பக்கமும் திரும்பும். பின்சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும். அப்படிப்பட்ட வண்டியைத் திருப்பி வைத்து, திரும்பும் சக்கரங்கள் பின்னால் வருமாறு ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள் (ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்!). கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு பின்பகுதி பக்கவாட்டில் வீசி, வண்டி முன்பின்னாகத் திரும்பிவிடும்.

வால் சக்கர விமானத்தின் சிக்கலும் இதுதான். செனாய் விமான நிலையத்தில் இன்று நீங்கள் பார்க்கும் பயணிகள் விமானங்களுக்கு மூக்கின் அடியில் சக்கரம் இருக்கும். ஆனால் 1947இல் மலாயன் ஏர்வேஸ் தன் சேவையைத் தொடங்கிய ‘கான்சல்’ விமானங்களுக்கும், அவசரகாலத்தில் மலாயாக் காடுகளின் மேல் வேவு பார்த்த ‘ஆஸ்டர்’ விமானங்களுக்கும் மூன்றாவது சக்கரம் வாலில்தான் இருந்தது. இன்றும் பல சிறு விமானங்கள் அப்படியே உள்ளன.

இவற்றின் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வால் சற்று விலகினால், அந்த எடையே அதை மேலும் விலக்கும். வேகமாக ஓடும்போது காற்று சுக்கானில் மோதுவதால் விமானி சமாளிக்கலாம். தரையிறங்கி வேகம் குறையும்போது சுக்கான் வலுவிழக்கும். அப்போது வால் சக்கரமும் பிரேக்கும்தான் துணை. அவை கைவிட்டால் விமானம் தரையிலேயே சுழன்று, இறக்கை நுனி உரசலாம், சக்கரத் தண்டு ஒடியலாம்.

ஆகவே பழுதைத் தேடும் பொறியாளர் முதலில் விமானியிடம் கேட்க வேண்டியது: “என்னதான் செய்கிறது?”

ஒரே பக்கம் இழுக்கிறதா? வால் சக்கரத்தின் மீது உடனே பழி போடக்கூடாது. முதன்மைச் சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருக்கலாம். பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம்.

மிதித்தும் திரும்பவில்லையா? சுக்கானையும் வால் சக்கரத்தையும் இணைக்கும் சுருள்வில்களைப் பார்க்க வேண்டும். அவை தளர்ந்தால் கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு. பல வால் சக்கரங்கள் குறிப்பிட்ட கோணம் வரை சுக்கானோடு திரும்பும். அதைத் தாண்டினால் பூட்டு விடுபட்டு, குறுகிய இடத்தில் வளைவதற்காகத் தாராளமாகச் சுழலும். அந்தப் பூட்டு தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ, வேண்டாத நேரத்தில் விடுபடும். இது மோசமான பழுது. ஏனென்றால் சில வேளை மட்டுமே தலைகாட்டும்.

சக்கரம் படபடவென்று நடுங்குகிறதா? தள்ளுவண்டியிலும் ஒரு சக்கரம் இப்படி ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். திரும்பும் அச்சுக்குப் பின்னால் இழுபடும் சக்கரம் சற்று விலகி, திரும்பி வரும்போது நடுக்கோட்டைத் தாண்டி, மறுபக்கம் போகிறது. வண்டி ஓடும் வேகமே அந்த ஆட்டத்துக்குத் தீனி. டயர் காற்று, தேய்ந்த தாங்கிகள், தளர்ந்த மரைகள் ஆகியவற்றைப் பார்த்தபின் வாலைத் தாங்கும் தகட்டு வில்லைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடை சுமந்து அது தட்டையானால், திரும்பும் அச்சின் சாய்வு மாறும், நடுக்கம் தொடங்கும். புது டயர் போட்டாலும் அது போகாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். சுருள்வில், டயர், தாங்கி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நடுக்கம் நிற்கலாம். குற்றவாளி எதுவென்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விமானத்தை நடை வேகத்தில் ஓட்டி, இடமும் வலமும் மிதித்துப் பார்த்த பிறகே ஓடுபாதைக்குக் கொண்டுபோவார்கள்.