தூதன் சுட்ட அடை

"சைக்காலஜி படிக்கிறேன்" என்று யாரிடம் சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வரும்... "அப்படியா? நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்!" ('இவகிட்ட ஏன் வாயைக் கொடுத்தோம்'னுதானே என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்ல மாட்டேன்!)

என் ஆச்சியின் கவலை வேறு. "ஏட்டி, வைத்தியத்துக்குப் படிப்பேன்னு பாத்தா பைத்தியத்துக்குப் படிக்கப் போறியே! சரி, பைபிளை எடுத்து வச்சிக்கோ."

திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம் எங்களுடையது. (எங்க ஊர்ல பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். "எங்க ஐயர் பிரசங்கத்துல..." என்று ஆரம்பித்து ஹாஸ்டல் தோழிகளைக் குழப்பியது தனிக் கதை!) 2015-ல் சென்னையில் பி.எஸ்ஸி. சைக்காலஜி சேர்ந்தேன்.

ஆரம்பத்திலேயே ஃப்ராய்ட் குறுக்கே வந்து நின்றார். அப்பாவின் பாதுகாப்பைத் தேடும் குழந்தை மனசின் ஆசைதான் கடவுள் என்று 1927-ல் புத்தகமே போட்டவர். வகுப்பில் என் கை தன்னாலே கழுத்துச் சிலுவையைத் தொட்டது. அப்போ, விடியற்காலையில் முழங்கால் போட்டு ஆச்சி பேசுவது யாரிடம்?

லைப்ரரியில் கிடைத்தார் ஆஸ்கர் ஃபிஸ்டர். சூரிச் நகரத்துப் பாதிரியார். ஃப்ராய்டிடமிருந்து மனப்பகுப்பாய்வைக் கற்று, சபை மக்களுக்கு உதவ அதைப் பயன்படுத்தியவர். ஃப்ராய்டின் புத்தகத்துக்கு 1928-ல் மறுப்பு எழுதினார். அது வெளியானது எங்கே தெரியுமா? ஃப்ராய்ட் தொடங்கிய 'இமாகோ' பத்திரிகையிலேயே! 1909-லிருந்து, ஃப்ராய்ட் 1939-ல் இறக்கும்வரை இருவரும் சிநேகிதர்கள். 'அட, இப்படியும் சண்டை போடலாமா!' என்றிருந்தது.

ஒன்று புரிந்தது. ஜெபிக்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை சைக்காலஜி ஆராயலாம். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரா என்பது அதன் கேள்வித்தாளிலேயே இல்லை. ஃப்ராய்ட் சொன்னது பரிசோதனை முடிவல்ல, அவருடைய அபிப்பிராயம்.

நிஜப் பரீட்சை ஊரில் காத்திருந்தது. இரண்டாம் வருஷ லீவில் போனேன். பிரசவத்துக்கு ஆச்சி வீட்டுக்கு வந்திருந்தாள் சித்தி. குழந்தைக்கு மூன்று மாசம். கோயில் பாடகர் குழுவில் கணீரென்று பாடுகிறவள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லை, சாப்பாடில்லை. குழந்தை அழுதாலும் திரும்பவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம், "ஜெபம் குறைஞ்சு போச்சு" என்றே சொல்லிவிட்டுப் போனார்கள்.

ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஜெபமே வரமாட்டேங்கு. ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரா? நான் செத்துப்போனா பிள்ளையாவது நல்லா இருக்கும்லா?"

எனக்குக் குலை நடுங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றிப் பாடத்தில் படித்ததெல்லாம் கண்முன்னே! ஆனால், பி.எஸ்ஸி. மாணவி வைத்தியம் பார்க்க முடியாது. மனநல டாக்டரிடம் போயே ஆகவேண்டும் என்றேன்.

"ரெண்டெழுத்து படிச்சதும் விசுவாசம் போயிட்டோ?" என்று சீறினார் சித்தப்பா.

ஆச்சி நிதானமாகக் கண்ணாடியை மாட்டி, பழைய ஏற்பாட்டில் எலியாவின் கதையைத் திறந்தாள். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, 'போதும், சாகணும்' என்று சூரைச்செடியடியில் படுத்த இடம்.

"இவருக்கு விசுவாசம் குறைச்சலா, மாப்பிள்ளை? தூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? அடையும் தண்ணியும்லா குடுத்தான்! தூங்கவிட்டு, எழுப்பி, திரும்பவும்லா குடுத்தான்! ஏட்டி, ஐயரைக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஐயரும் வந்தார். ஓ.பி. பெஞ்சில் எங்களோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அன்றைக்கு அவர் செய்த பிரசங்கம் அதுதான்.

சினிமாவில் மாதிரி மறுநாளே குணமாகவில்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ராத்திரிகளில் குழந்தையை ஆச்சி வாங்கிக்கொண்டாள், சித்தி தூங்கினாள். அஞ்சாவது மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பின் பெஞ்சிலிருந்து மெல்லிசாக ஒரு குரல்... சித்தி! சித்தப்பா குனிந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம், "பேத்தி என்ன படிச்சிருக்கா?" என்று யாராவது கேட்டால் ஆச்சி சொல்லும் பதில்...

"அடை சுடப் படிச்சிருக்கா!"