கொலஸ்ட்ராலும் துருப்பிடிக்கும்!

ஓர் இரும்பு ஆணியை மழையில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? துருவேறும். பல மாதம் திறந்து கிடந்த நெய்யை முகர்ந்தால்? காறல் வாடை அடிக்கும். இரண்டிற்கும் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜனே. இதே ஆக்சிஜன் கொலஸ்ட்ராலையும் விட்டுவைப்பதில்லை.

கொலஸ்ட்ரால் என்றதும் உங்களுக்கு மாரடைப்பு நினைவுக்கு வரலாம். ஆனால் அது உடலுக்கு இன்றியமையாத பொருள். நம் உயிரணுக்களின் சவ்வில் அது உள்ளது. பித்தநீர் அமிலங்களும் சில ஹார்மோன்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. அதன் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள், 46 ஹைட்ரஜன் அணுக்கள், ஒரே ஓர் ஆக்சிஜன் அணு இருக்கின்றன. மேலும் ஆக்சிஜன் வந்து சேர்ந்தால் கிடைக்கும் பொருள்களுக்கு 'ஆக்சிஸ்டெரால்கள்' என்று பெயர்.

புட்டியில் இருந்தது என்ன?

1913இல் ரஷ்ய அறிஞர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை உணவாகக் கொடுத்தார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. ஆனால் இத்தகைய சோதனைகளில் பயன்படும் கொலஸ்ட்ரால் தூயதுதானா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது. 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடைச்சரக்கான கொலஸ்ட்ராலிலிருந்து மாசுகளைப் பிரித்தெடுத்து முயல்களுக்குக் கொடுத்தனர். தமனிச் சுவரின் உயிரணுக்கள் சிதைந்தன. தூய்மைப்படுத்திய கொலஸ்ட்ரால் அந்த அளவுக்குக் கேடு செய்யவில்லை. அந்த மாசுகள் காற்றுப்பட்டு உண்டான ஆக்சிஸ்டெரால்களே!

அப்படியானால் ஆக்சிஸ்டெரால் வெறும் நஞ்சுதானா? பொறுங்கள். உயிரணு தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும். போதிய அளவு இருந்தால் நிறுத்திக்கொள்ளும். 1974இல் வெளியான ஆய்வு ஒன்றில், சில ஆக்சிஸ்டெரால்கள் எலியின் உயிரணுக்களில் இந்தத் தயாரிப்பை வலுவாகத் தடுப்பது தெரிந்தது. அங்கே அவை நஞ்சல்ல, 'போதும்' என்னும் கட்டளை!

இடமே முக்கியம்

இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? ஆக்சிஜன் எந்த இடத்தில், யாரால் சேர்க்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். உடலின் நொதிகள் குறித்த இடத்தில், வேண்டிய அளவே சேர்க்கின்றன. மூளையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழக் கால் பங்கு அங்குள்ளது. மூளைக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள தடுப்பைக் கொலஸ்ட்ரால் தாண்டாது. ஆகவே ஒரு நொதி, 24ஆம் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. உடனே அதற்கு வெளியேற வழி பிறக்கிறது.

காற்றுக்கோ இத்தகைய ஒழுங்கு இல்லை. அது பெரும்பாலும் எளிதில் இணங்கும் 7ஆம் கார்பனைத் தாக்குகிறது. வெப்பமும் ஒளியும் இதை விரைவுபடுத்தும். உடலுக்குள்ளும் இது நிகழ்கிறது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் தமனிச் சுவரில் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. வெள்ளணுக்களில் ஒருவகை அவற்றை விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்புகின்றன. அடைப்பு தொடங்குவது இப்படித்தான். எனவே இரத்தத்தில் எல்.டி.எல். மிகுவதே ஆபத்து.

நம் வீட்டு நெய்

1987இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வுக்கு எடுத்த இந்திய நெய்யில், ஸ்டெரால்களில் 12.3 சதவீதம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தது. புதிய வெண்ணெயில் அது காணப்படவில்லை. இதனால் நெய்தான் மாரடைப்புக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது ஓர் ஊகமாகவே சொல்லப்பட்டது. காய்ச்சும் வெப்பம், வைத்திருக்கும் காலம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவு மாறும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையும் 2000இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் பொய்த்தது. இயற்கையின் கணக்கு அவ்வளவு எளிதல்ல.

ஆயினும் வீட்டில் நாம் செய்யக்கூடியது உண்டு. நெய்யைச் சிறிது சிறிதாகக் காய்ச்சி, நன்கு மூடி, வெயில் படாமல் வையுங்கள். அதையே திரும்பத் திரும்பச் சூடேற்றாதீர்கள். ஆய்வகத்தில் புட்டியைக் கையில் எடுக்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள்: மேலே ஒட்டியுள்ள சீட்டில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா?