கடனில் தொடங்கும் அடிமைத்தனம்



அடிமைத்தனம் என்றதும் சாட்டையும் விலங்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது என்றோ முடிந்துபோன கதை என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் உலகத் தொழிலாளர் அமைப்பும் பிற அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் சிக்கியிருந்தார்கள். இவர்களுள் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள். சொந்த நாட்டில் வேலை செய்பவரைவிட, வேற்று நாட்டுக்குப் போய் வேலை செய்பவர் கட்டாய உழைப்பில் சிக்கும் ஆபத்து மூன்று மடங்குக்கும் அதிகம் என்று அதே அறிக்கை கூறுகிறது. வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

முதல் கண்ணி எங்கே?

வளைகுடா நாடு ஒன்றில் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 100 கொத்தனார்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் அங்குள்ள ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் சொல்கிறது. அது சென்னையிலோ மும்பையிலோ உள்ள ஏஜென்டிடம் சொல்கிறது. அவர் மாவட்டத்தில் உள்ள துணை ஏஜென்டிடமும், துணை ஏஜென்ட் நம் ஊரில் தமக்குத் தெரிந்த ஒருவரிடமும் சொல்கிறார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் கமிஷன் ஏறுகிறது. கடைசியில் அத்தனை கமிஷனையும் கொடுப்பவர், வேலை தேடும் அந்த ஏழைத் தொழிலாளிதான். நிலத்தை அடகு வைத்தோ, மனைவியின் நகையை விற்றோ, கந்துவட்டிக்கு வாங்கியோ அவர் பணம் கட்டுகிறார்.

போய்ச் சேர்ந்தபின், சொன்ன சம்பளம் வேறு, கொடுக்கும் சம்பளம் வேறு என்று தெரிகிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்துவிடலாம் என்றால் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அவரை யாரும் கட்டிப்போடவில்லை; கடன்தான் கட்டிப்போட்டிருக்கிறது. முதலாளியின் அனுமதி இல்லாமலே தொழிலாளி வேறு வேலைக்கு மாறலாம் என்று கத்தார் நாடு 2020இல் சட்டத்தை மாற்றியது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கே சட்டம் மாறினாலும் இங்கே வாங்கிய கடன் மாறுவதில்லை.

படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள்.

யார் விற்றது?

தொடக்கநூல் 37ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார்ப்போம். யோசேப்பின் மேல் கை வைக்க வேண்டாம், விற்றுவிடலாம் என்கிறார் யூதா. சகோதரர்கள் 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். வணிகர்கள் எகிப்துக்குக் கொண்டுபோகிறார்கள். போத்திபார் விலைகொடுத்து வாங்குகிறார். விற்றவர்கள் எகிப்தைப் பார்க்கவில்லை. வாங்கியவர் அந்தக் குழியைப் பார்க்கவில்லை. 'நான் அடிமையாக்கவில்லை' என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ள முடியும். ஆனாலும் ஓர் இளைஞர் அடிமையானார்.

இன்றைய ஆள்சேர்ப்புத் தொழிலிலும் இதே சாக்குதான் சொல்லப்படுகிறது. 'நாங்கள் பணம் வாங்கவில்லை, துணை ஏஜென்ட் வாங்கியிருந்தால் எங்களுக்குத் தெரியாது' என்கிறது நிறுவனம். பிரித்தானியாவில் 2015இல் வந்த நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் பவுண்டுக்குக் குறையாமல் வரவுள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குப் பொருளும் ஆளும் தருபவர்களிடமும் அடிமைத்தனம் இல்லாதிருக்கச் செய்வது என்ன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடச் சொல்கிறது. ஆனால் 'எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் அந்தச் சட்டப்படி போதும்! அறிக்கை மட்டும் யாரையும் விடுவிக்காது.

நிறுவனம் செய்ய வேண்டியது

முதலாவது, வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பதே உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கையின் பொதுவிதி. விசா, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, பயணச்சீட்டு எல்லாம் இச்செலவில் அடங்கும்.

இரண்டாவது, ஊரில் உள்ள கடைசித் துணை ஏஜென்ட் வரைக்கும் யார் யார் என்று நிறுவனம் அறிந்திருக்க வேண்டும். புறப்படும் முன்னும் போய்ச் சேர்ந்த பின்னும், 'யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள்?' என்று தொழிலாளியிடமே, அவருடைய மொழியிலே, ஏஜென்ட் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம் அவருக்குப் புரியும் மொழியில் முன்னதாகவே தரப்பட வேண்டும். பாஸ்போர்ட் அவர் கையில் இருக்க வேண்டும்.

நான்காவது, பணம் வாங்கப்பட்டது தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இது நடக்கக்கூடியதுதான். மலேசியாவின் டாப் கிளவ் என்னும் கையுறை நிறுவனத்தின் துணை நிறுவனங்களிலிருந்து வரும் பொருள்களை, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா 2020 ஜூலையில் தடுத்தது. அதன்பின் அந்நிறுவனம், தொழிலாளர் ஏஜென்டுகளுக்குக் கட்டியிருந்த பணத்துக்கு ஈடாக, சுமார் 13 ஆயிரம் பேருக்கு 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. வாங்குபவர் கேள்வி கேட்டபோது விற்பவர் திருந்தினார் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

நாம் செய்யக்கூடியது

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி முதல் நாளுக்கான உலக அமைதி நாள் செய்தியை அடிமைத்தனத்தைக் குறித்தே எழுதினார். நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, பொருள் வாங்குபவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று அதில் நினைவூட்டினார். அப்படியானால் நம் பொறுப்பு என்ன?

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் பெற்றோரே, ஏஜென்ட் அரசிடம் பதிவுபெற்றவரா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். இந்திய விதிகளின்படி பதிவுபெற்ற ஏஜென்ட் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30 ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்குமேல் கேட்டாலும், ரசீது தர மறுத்தாலும், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகலாம் என்று சொன்னாலும் விலகிக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா மூன்றின் நகலையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் நடத்தும் அன்பர்களே, உங்கள் நிறுவனத்தில் காவலுக்கும் துப்புரவுக்கும் கட்டட வேலைக்கும் ஒப்பந்ததாரர் அனுப்பும் வடமாநிலத் தொழிலாளர்களிடம், வேலையில் சேர எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். அவர்களுடைய ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் வெளியூர்க்காரர் அல்லர். பெரும்பாலும் நம் உறவினர், நம் அன்பியத்து உறுப்பினர், ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் நிற்பவர். நல்லது செய்வதாகவே அவரும் எண்ணியிருக்கலாம். அந்த வேலையும் சம்பளமும் உண்மைதானா என்று தமக்குத் தெரியாத இடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஓர் இளைஞரை அனுப்புவது, யோசேப்பின் சகோதரர்கள் செய்ததிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை அவரோடு அமர்ந்து அன்போடு பேசுவது நம் கடமை.

சிறுவயதில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட சூடான் நாட்டுப் புனித ஜோசப்பின் பக்கித்தாவின் திருநாளான பிப்ரவரி 8, 2015 முதல் மனித வணிகத்துக்கு எதிரான செப நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று ஒவ்வோர் அன்பியத்திலும், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் செபிப்போம். செபித்தபின் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, 'சம்பளம் ஒழுங்காக வருகிறதா? பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா?' என்று கேட்போம். 'இல்லை' என்று பதில் வந்தால், அந்தக் குடும்பத்தைத் தனியே விடாமல் நாமும் உடன் செல்வோம்.