மேசனும் அச்சியந்திரமும்

பெங்களூர் மாநகரில், அல்சூரை அடுத்த கேம்பிரிட்ஜ் லேயவுட் என்னும் பகுதியில், 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18 ஆம் நாள் அஞ்சலகம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. 1,021 சதுர அடிப் பரப்புடைய சிறு கட்டடம் அது. அஞ்சலகம் திறக்கப்படுவது பெருஞ் செய்தியன்று. ஆயினும், இதன் சுவர்களைக் கல்லடுக்கி எழுப்பிய மேசன் எவருமிலர். கணனியின் ஆணைக்கு அடங்கிய ஓர் யந்திரமே அவற்றை எழுப்பிற்று. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தாரின் வழிகாட்டலில் லார்சன் அன் டூப்ரோ நிறுவனத்தார் மேற்கொண்ட இவ்வேலை 43 நாட்களில் நிறைவெய்தியது.

இச்செய்தியை வகுப்பில் நாம் எடுத்துரைத்தபோது மாணாக்கர் வியந்தனர். ஒருவன் மட்டும் வியக்கவில்லை. அவன் தந்தையார் மேசன். "அப்படியானால் இனி அப்பாவுக்கு வேலை இராதோ, சேர்?" என்று அவன் வினவினான். அன்று நாம் கூறிய விடை எமக்கே திருப்தி அளிக்கவில்லை. ஆதலின் இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராயலாயினோம்.

இவ்யந்திரத்தின் செயலை விளங்கிக்கொள்ள விரும்புவோர் அடுக்களைக்குட் சென்று இடியப்ப உரலைப் பார்த்தாற் போதும். மா இளகிவிட்டால் இழை நில்லாது. இறுகிவிட்டால் உரலை விட்டு இறங்காது. அச்சியந்திரத்தின் நிலையும் அதுவே. வரைபடத்திற் குறித்த வழியே அதன் குழல்வாய் நகர்ந்து, கொங்கிறீற்றைத் தடித்த கயிறு போலப் பிழிந்து செல்கின்றது. ஒரு சுற்றின்மேல் மறு சுற்றாகச் சுவர் உயர்கின்றது. அக்கலவை குழாயினூடே தடையின்றி ஓடவும் வேண்டும். வெளிவந்தவுடன் சரியாது நிற்கவும் வேண்டும். மேல் வரும் சுற்றின் பாரத்தைத் தாங்குமளவு விரைவில் இறுகவும் வேண்டும். அதனோடு ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடவுங் கூடாது. யந்திரத்தின் கையைக் காட்டிலும் இக்கலவையின் பக்குவமே உண்மையான புதுமை என்பது எமது கருத்து. பலகை அடித்து அச்சுக் கட்டும் வேலையும் செலவும் இம்முறையிற் சுவருக்கு இல்லை.

ஆயினும் இதற்கும் ஓர் இடர் உண்டு. கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அக்குறையை நிரப்பவே அதனுள் இரும்பு வைக்கப்படுகின்றது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசப் மொனியே, இரும்புக் கம்பி பொதிந்த பூந்தொட்டிகளுக்கு 1867 ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றிருந்தார். நிமிர்ந்து நிற்கும் கம்பிகளிடையே குழல்வாய் எளிதிற் புகமாட்டாது. ஆகவே சுவரினுள்ளே வெற்றிடம் விட்டு, பின்னர் அதிற் கம்பியிறக்கிக் கொங்கிறீற்று நிரப்புதல் வழக்கம். அது பெரும்பாலும் மனிதர் கையாற் செய்யப்படுவது. அத்திவாரம், கூரை, கதவு நிலை, நீர்க்குழாய், மின்கம்பி ஆகியவற்றிற்கும் ஆட்கள் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கு கட்டடத் தொழில் அடியோடு மாறுவது இது முதன்முறையன்று. நம் மூதாதையர் சுண்ணாம்புச் சாந்தினாலே கட்டினர். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறுகுவது. சீமெந்தோ நீருடன் சேர்ந்து சில மணி நேரத்திலே இறுகத் தொடங்குவது. 1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின் சீமெந்து நம் வாயிலுக்கே வந்தது. மேசன் சாந்தை மாற்றிக்கொண்டான், பிழைத்தான். சூளை வைத்தவனும் சுண்ணாம்பு நீற்றியவனுமே தொழிலிழந்தனர். போரினால் 1990 இல் அத்தொழிற்சாலை நின்றபோதும் அவர்கள் மீண்டிலர். வெளியிலிருந்து வந்த சீமெந்தே அவ்விடத்தை நிரப்பிற்று. அவர்களுடன் அவர்தம் அறிவும் போயிற்று. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டு, ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உதிர்வதைக் கண்டு ஏங்குவோர் இன்றும் உளர்.

பிறிதொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது. போர் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதாக ஒரு திட்டம் வந்தது. முன்னரே செய்த பாகங்களைக் கொணர்ந்து பூட்டும் முறை. வீடொன்றின் மதிப்பு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. 2016 இல் அதுபற்றிப் பெரும் வாதம் எழுந்தது. வெப்பம், துரு, அத்திவாரத்தின் உறுதியின்மை ஆகியவற்றைப் பொறியியலாளர் சுட்டினர். கல்லாலும் சீமெந்தாலும் கட்டினால் அதே பணத்தில் மேலும் பல வீடுகள் எழும், கூலியும் ஊரிலே தங்கும் என்றனர் பலர். ஈற்றில் அத்திட்டம் கைவிடப்பட்டது. உருக்கு வீடு எங்கும் தீது என்று நாம் கூறவில்லை. பனி நாடுகளில் அது சிறக்கலாம். ஆனால் சுவரிலே வெடிப்புக் கண்டால் அயலிலுள்ள மேசனை அழைத்து அன்றே அடைப்பிக்கும் குடும்பத்துக்கு, பழுது பார்க்க ஊரில் ஆளில்லாத வீட்டைக் கொடுப்பது எங்ஙனம் பொருந்தும்? அச்சியந்திரம் நம்மிடம் வரும் நாளிலும் இக்கேள்வியையே முதலிற் கேட்டல் வேண்டும்.

சென்ற மாதம் எமது கிணற்றுக் கட்டைப் பூசுவதற்கு அம்மாணவனின் தந்தையாரே வந்திருந்தார். பெங்களூர் யந்திரம் வேலை செய்யும் காட்சியைக் கைத்தொலைபேசியில் அவருக்குக் காட்டினோம். இருமுறை உற்றுப் பார்த்தார்.

"சுவர் வடிவாய்த்தான் எழும்புது, மாஸ்டர். கதவு நிலையைத் தூக்குக்குண்டு பிடிச்சு நட்டது ஆர்?"

அது மனிதரே என்றோம்.

"அப்ப மெசினை ஓட்டவும் ஒரு ஆள் வேணுமெல்லே. பெடியனைக் கணக்கை வடிவாய்ப் படிக்கச் சொல்லுங்கோ" என்று கூறிவிட்டு, சாந்து இறுகுமுன் பூசி முடிக்க வேண்டுமென்று சாந்தகப்பையைக் கையிலெடுத்தார்.