கல்விக் கடனும் மாணவர் உரிமையும்



கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கிய பணமும் கடன். செய்து தீர வேண்டிய கடமையும் கடன். வங்கியில் கல்விக் கடன் பெறும் மாணவனுக்கு இவ்விரண்டும் பொருந்தும். ஆனால் கடமை அவனுக்கு மட்டும் உரியதன்று. கடன் கொடுத்த வங்கிக்கும் கடமை உண்டு. அதை அறியாமல் அஞ்சி ஒடுங்குவோர் பலர். ஆகவே அதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டில் வகுத்த மாதிரித் திட்டமே இக்கடன்களுக்கு அடிப்படை. பின்னர் அது பல முறை திருத்தப்பட்டது. அதன்படி 7.5 லட்சம் ரூபாய் வரையில் சொத்தை ஈடாகக் கேட்பதில்லை. ஆயினும் பெற்றோரும் கூட்டுக் கடன்தாரராகக் கையொப்பமிடுகின்றனர். மகன் தவறினால் தந்தையும் பதில் சொல்ல வேண்டும் என்பதை மறத்தலாகாது.

படிப்புக் காலத்திலும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டவுடன் வட்டியும் இல்லை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் நான்கு லட்சம் பெறுகிறீர்கள். வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அது அசலோடு கூட, 5,40,000 ரூபாய்க்குத் தவணை தொடங்கும். பதினைந்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 5,800 ரூபாய். பத்து ஆண்டுகளில் அடைத்தால் சுமார் 7,140 ரூபாய். முதல் வழி இலகுவாகத் தோன்றும். ஆனால் முடிவில் ஏறக்குறைய 1,88,000 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டி வருவோருக்கு ஒரு சதவீதம் குறைத்துக் கொடுக்கவும் மாதிரித் திட்டம் இடந்தருகிறது. மாறும் வட்டியில் தனி மனிதருக்குக் கொடுத்த கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் விதிக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையில் பணம் சேரும்போது இவ்வுரிமையைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

சரி, படிப்பு முடிந்தும் வேலை கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது? பலர் செய்வது என்ன? வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுகின்றனர். இதைவிடக் கேடு வேறில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வாராக் கடனாகிவிடும். உங்கள் கடன் வரலாற்றிலும், பெற்றோரின் வரலாற்றிலும் அது பதியும். அதற்கு முன்பே வங்கி மேலாளரைக் கண்டு, நிலைமையை எழுத்தில் கொடுங்கள். வேலையில்லாக் காலத்துக்கு அவகாசம் அளிக்கவும், தொடக்கத்தில் சிறு தவணையும் பின்னர் பெருந் தவணையுமாக அமைக்கவும் மாதிரித் திட்டத்தில் வழியுண்டு. கேளாதவனுக்கு அது கிடைப்பதில்லை.

வசூலிக்க வருபவர் வரம்பு மீறலாமா? கூடாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கலாகாது. மிரட்டலோ, பலரறிய அவமதித்தலோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மீறினால் முதலில் வங்கிக்கே புகார் எழுதுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம்.

எனவே, கையொப்பமிடும் முன் பத்திரத்தை முழுதும் படியுங்கள். ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். வாங்கியதைத் திருப்பித் தருவது உங்கள் கடன். நியாயமாக நடந்துகொள்வது வங்கியின் கடன். முன்னதை நேர்மையாகச் செய்ய முயல்பவன், பின்னதைத் தலை நிமிர்ந்து கேட்கலாம்.