எலுமிச்சை மணமும் புதினா மணமும்

ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலில் மிகுந்திருப்பது லிமோனீன் என்னும் டெர்பீன் வகைப் பொருளாகும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இது 90 விழுக்காட்டிற்கும் மேல் உண்டு. புதினா இனங்கள் பலவும் தம் மணத்தை இதே லிமோனீனிலிருந்துதான் உண்டாக்குகின்றன என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆரஞ்சில் இருப்பதும் புதினாவில் இருப்பதும் வலக்கையும் இடக்கையும் போன்ற இரு வடிவங்கள், வேறுபாடு அவ்வளவே.

ஆரஞ்சில் லிமோனீன் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. புதினா இலையின் நுண்ணிய சுரப்பிகளிலோ ஒரு நொதி அதனோடு ஆக்ஸிஜனைச் சேர்க்கிறது. எந்த இடத்தில் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே மணம் பிரிகிறது. ஸ்பியர்மின்ட் வகையில் ஆறாவது கரி அணுவில் சேர்வதால் கார்வோன் கிடைக்கிறது. பெப்பர்மின்ட் வகையில் மூன்றாவது கரி அணுவில் சேர்ந்து, பல படிகளைக் கடந்து, நாவிற்குக் குளிர்ச்சி தரும் மென்தால் உண்டாகிறது. இந்த நொதி சுமார் 500 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்பியர்மின்ட் நொதி பெப்பர்மின்ட் நொதியின் வேலையைச் செய்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தனர்.

இவ்வளவு சிறு மாற்றம் மணத்தையே புரட்டிவிடும் என்பதால், நோய் எதிர்ப்பிற்காகச் செடியைத் திருத்த முனைவோர் எண்ணெயையும் கண்காணித்தாக வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பெப்பர்மின்ட் வயல்களை 'வெர்டிசிலியம்' பூசணத்தால் வரும் வாடல் நோய் பெரிதும் அழித்தது. பெப்பர்மின்ட் ஒரு மலட்டுக் கலப்பினம், விதை பிடிக்காது. ஆகவே ஒட்டுச் சேர்க்க வழியில்லை. எம். ஜே. முர்ரே என்பவர் 1955 முதல் ஓடுதண்டுகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நோயுள்ள மண்ணில் நட்டுப் பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுத்தார். பிழைத்த செடியானாலும் எண்ணெயின் மணம் மாறியிருந்தால் வாங்குவோர் ஏற்கமாட்டார்கள் அல்லவா? இந்த இரு சல்லடைகளிலும் தேறி, 1970-களில் 'டாட்ஸ் மிட்சம்', 'முர்ரே மிட்சம்' என்ற இரகங்கள் வெளிவந்தன. இவை நோயை ஓரளவு தாங்குபவையே. முழு எதிர்ப்பு உடையவை அல்ல.

மணம் எவ்வாறு புரளும் என்பதற்கும் சான்று உண்டு. கதிர்வீச்சினால் மாறிய ஸ்காட்ச் ஸ்பியர்மின்ட் செடி ஒன்று, கார்வோனை விட்டுப் பெப்பர்மின்ட் வழியில் எண்ணெய் தந்ததை 1991-இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

மென்தாலுக்காக ஜப்பான் புதினா பயிரிடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இது விதை பிடிக்கக் கூடியது. விதையிலிருந்து வரும் கன்றுகள் தாய்ச் செடியின் மணத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை. எனவே இரகத் தூய்மையுள்ள ஓடுதண்டுகளையே நடவும். தழைத்து வரும் பருவத்தில் ஆங்காங்கே இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கருவிகள் ஆயிரம் வந்தாலும் முதற் சோதனைக்கு மூக்கே போதும். குளிர்ந்த மென்தால் வாடைக்கு மாறாக வேறு மணம் வீசும் செடிகளைப் பூக்குமுன் ஓடுதண்டோடு தோண்டி அகற்றிவிடவும். மண்ணில் விடுபட்ட துண்டு மீண்டும் தழைக்கும்.