ஊதுகுழல் யார் கையில்?

மார்கழி பிறந்துவிட்டால் கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரையெங்கும் பனி. பருவதமலை பாதி மறைந்து நிற்கும். வீதியிலே கோலம், வீட்டுக்குள்ளே புகை! ஆரணிப் பட்டுக்குத் தறியில் உட்காரும் நெசவாளிக்கு வெந்நீர் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வெந்நீர் வேண்டும். மூட்டுவலிக்காரக் கிழவிக்கு வெந்நீர் வேண்டும். அத்தனை பேருக்கும் வெந்நீர் போட ஒருத்தி, விடியுமுன் எழுந்து, ஈர விறகோடு மல்லுக்கு நிற்கிறாள். கண் சிவக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, இருமல் பிடித்து உலுக்குகிறது. கேட்டால், "பழகிப்போச்சு" என்கிறாள். நாமும் பழகித்தான் போனோம், அவளுடைய இருமலுக்கு!

"ஏனய்யா, எரிவாயு அடுப்புதான் வந்துவிட்டதே, இன்னும் என்ன புகைப் புராணம்?" என்று நண்பர் ஒருவர் கேட்பார். வந்தது உண்மை. 2006-இல் அமைந்த கலைஞர் ஆட்சி ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பும் இணைப்பும் தந்தது. 2016-இல் ஒன்றிய அரசு உஜ்வாலா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அடுப்பு இருக்கிறது, ஆனால் மார்கழி வந்ததும் கொல்லைப்புறத்து மண்ணடுப்பு மறுபடி உயிர்பெறுகிறதே, ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் குளிக்க 15 லிட்டர் தண்ணீரைச் சுட வைத்தால் ஏறத்தாழ 50 கிராம் எரிவாயு போகிறது. வீட்டில் ஐந்து பேர் என்றால் நாளொன்றுக்குக் கால் கிலோ. மாதத்துக்கு ஏழரைக் கிலோ! 14.2 கிலோ உருளையில் பாதிக்கு மேல் குளியலுக்கே சரியாகப் போய்விடும்; சோற்றுக்கும் குழம்புக்கும் மிச்சம் எங்கே? 2023 மார்ச்சில் சென்னையிலே அந்த உருளை 1,118 ரூபாய் 50 காசுக்கு விற்றது. பிறகு இறக்கினார்கள், இறக்கியதைப் பெருமையாகப் பேசினார்கள், ஏற்றியதைப் பேசவில்லை. கூலிக்கு நெய்பவன் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? தேநீருக்கு எரிவாயு, வெந்நீருக்கு விறகு என்று பங்கு பிரித்துக்கொண்டாள். அறியாமை அல்ல அது. பற்றாக்குறை வகுத்த பட்ஜெட்!

கொடுமை எங்கே இருக்கிறது தெரியுமா? விறகு அதிகம் தேவைப்படும் காலமும் விறகு நனைந்து கிடக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்த கையோடு மார்கழிக் குளிர். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். எடை போட்டு வாங்குகிறோமே, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்! அடுப்பில் வைத்தால், தீயின் சூடு முதலில் அந்த ஈரத்தை விரட்டவே செலவாகிறது. தீ தணிகிறது, விறகு முழுதாக எரியாமல் புகைகிறது. குளிர்ந்த, காற்றில்லாத விடியற்காலையில் அந்தப் புகை மேலே எழும்பிப் போகாது, கூரைக்கடியிலேயே குடியிருக்கும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கேளுங்கள். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மாண்டவர்கள் உலகெங்கும் 32 லட்சம் பேர். அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பீடியைத் தொட்டே பார்த்திராத பெண்ணுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. அதைத் தலைவிதி என்று யாராவது சொன்னால், அந்த விதியை எழுதியவன் அடுப்பு ஊதிப் பார்த்ததில்லை என்று சொல்லுங்கள்.

ஆய்வாளர்கள் நம் பக்கத்து மாவட்டத்துக்கே வந்து அளந்திருக்கிறார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு அடுப்போடு எரிவாயுவும் இலவசம். விறகையே எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். எரிவாயு பெற்றவர்களுக்கு 24. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. நமக்கு வசதியாக இல்லை என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் எடை ஏறவில்லை, சரி. தாயின் நெஞ்சுக்குள் போகும் துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததே, அதற்கு மதிப்பு இல்லையா?

புகையை வெளியேற்றும் வித்தை புதியதும் அல்ல. 1953-இலேயே ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண்ணடுப்பைப் பற்றி நூலே எழுதினார். 1983-இல் ஒன்றிய அரசு அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மூன்று கோடிக்கு மேல் வழங்கியதாகக் கணக்குக் காட்டி, 2002-இல் மூட்டை கட்டியது. கட்டிய அடுப்பை எண்ணினார்கள். விரிசல் விட்ட அடுப்பையும் அடைத்துக்கொண்ட குழாயையும் எண்ணுவார் இல்லை!

நம்மவர்களையும் ஒன்று கேட்கிறேன். தறியிலே ஏற்றிய பாவில் கரி படிந்தால் சும்மா விடுவோமா? சேலை கறைபட்டால் கூலியில் பிடிப்பார்களே என்று பதறி, தறிக்கும் அடுப்புக்கும் நடுவே தட்டி கட்டி மறைக்கிறோம். பட்டு நூலுக்கு ஒரு தடுப்பு வைக்கத் தெரிந்த நமக்குப் பெண்டாட்டியின் நுரையீரலுக்கு ஒன்று வைக்கத் தோன்றவில்லையே! "அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு" என்றார்கள் ஒரு காலத்தில். அந்தப் பேச்சைப் புறங்காட்டி ஓடவைத்தோம். மகள் கல்லூரிக்குப் போகிறாள். தாயின் கையில் ஊதுகுழல் இருக்கிறது.

ஆகவே, விறகு ஆண்பிள்ளையின் வேலையாகட்டும். பங்குனி, சித்திரை வெயிலிலேயே வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல்லின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு மூடுங்கள். பக்கங்களில் காற்று நுழையட்டும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்னும், ஈரம் மந்தமாகச் சொத்தென்னும். வெந்நீர் அடுப்பு வெளியே இருக்கட்டும், ஓலைக் கூரைக்கு எட்டி. அண்டாவுக்கு மூடி போடுங்கள். பற்றவைக்கத் தென்னம்பாளை போதும். பிளாஸ்டிக் பையையும் ரப்பர் துண்டையும் கொளுத்துவது பிள்ளைகளுக்கு நஞ்சூட்டும் வேலை. உள்ளேதான் அடுப்பு என்றால், புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே தலை நீட்ட வேண்டும். மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும்.

இன்னொன்று. சவ்வாது மலைக் குடிசையிலும் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் வேலைக்குப் போய்த் தங்கும் அறையிலும் குளிருக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் தோழர்கள் உண்டு. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். புகை தெரியவில்லையே என்று நம்பாதீர்கள். படுக்கும் முன் சட்டியை வெளியே வைத்துவிட்டு, கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.